மணிக்கு இரண்டு கிலோமீட்டரில் ஒரு தப்பியோட்டம்

அஜினின் இடது காலுக்கு ஜெகதீசன் போட்ட விலை நாற்பதாயிரம் ரூபாய். முழங்காலுக்குக் கீழே போனதற்கு இந்த ரேட்டு; தொடையோடு போயிருந்தால் மேலே கொஞ்சம் போட்டுத் தரலாம் என்று அவருடைய மேனேஜர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு சொன்னான். சொல்லும்போது குரலில் ஒரு தாராளம் வேறு.

அஜினின் அக்கா பெர்சிஸ் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க சபையில அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரு பூசணிக்கா இதுக்கு மேல போவும்," என்றாள். "ஒங்க மொதலாளிகிட்ட போயிச் சொல்லுங்க, காலு விக்கிறதுக்கு இல்ல. எடுத்ததுக்கு வேற மாதிரி வாங்கிக்கிடுதேன்."

பெர்சிஸின் அப்பா தெற்கே நாசரேத்திலிருந்து ராயபுரத்துக்குக் கருப்பட்டி விற்க வந்தவர். கருப்பட்டிக்குச் சீசன் உண்டு, சாவுக்குக் கிடையாது என்று சீக்கிரமே கண்டுகொண்டு, சவப்பெட்டிக் கடை போட்டார். இப்போது கடை பெர்சிஸ் கையில். பெட்டி, ஐஸ் பாக்ஸ், பூப்பல்லக்கு, மோளம் செட்டு, மைக்கு எல்லாம் உண்டு. வேதக்காரருக்கும் உண்டு, இந்துவுக்கும் உண்டு. சாவு வீட்டில் பேரம் பேசுவது லேசுப்பட்ட வேலையல்ல. அழுதுகொண்டே குறைப்பார்கள். மூக்கைச் சிந்திய கையோடு "ரோஜா வேணாம், செவ்வந்தியே போடு" என்பார்கள். அப்படிப்பட்டவர்களிடமே அசல் குறையாமல் வாங்கத் தெரிந்தவளிடம்தான் ஜெகதீசன் கால் விலை பேசினார்.

அந்தக் கால் சாதாரணக் கால் இல்லை. அஜின் நடைப் போட்டிக்காரன். இடுப்பை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டு அவன் விடியற்காலையில் போவதைப் பார்த்துத் தெருவே சிரிக்கும். சிரிக்கிறவன் ஓடினாலும் அவனைப் பிடிக்க முடியாது. மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர். எந்நேரமும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும் என்பது அந்தப் போட்டியின் சட்டம். மாநில அளவில் இன்னொரு மெடல் அடித்தால் ரயில்வேயில் வேலை என்று ஆசை காட்டியிருந்தார்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவன்மேல், ஜெகதீசனின் கன்டெய்னர் யார்டிலிருந்து ஒரு டிரெய்லர் விளக்கில்லாமல் பின்பக்கமாக வந்து ஏறியது.

டிரெய்லரை ஓட்டிய செங்குட்டுவன், பிரேக்கு பிடிக்கவில்லை என்று ஒரு வாரமாகவே முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். கேஸ் வந்ததும் ஜெகதீசன், "அவன் எனக்குத் தெரியாமல் வண்டியை எடுத்துப்போனவன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். செங்குட்டுவன் உள்ளே போனான். வெளியே வந்தவனை, சாட்சி சொல்லாமல் கண்ணெதிரே வைத்துக்கொள்ளலாம் என்று, அவரே தன் காருக்கு டிரைவராகப் போட்டுக்கொண்டார். தன் புத்திசாலித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டும் இருப்பார்.

விலை கேட்ட அன்று படுக்கையில் கிடந்த அஜின் சிரித்தான். அவன் படித்தது பிஸிக்ஸ்.

"அக்கா, பூமிய விட்டுத் தப்பிக்கணும்னா என்ன வேகம் வேணும், தெரியுமா? மணிக்கு நாப்பதாயிரம் கிலோமீட்டர். அதுக்கு ஒரு பிடி கொறஞ்சாலும் எவ்ளோ மேல போனாலும் இழுத்துப் போட்டுரும். ஆளு பொருத்தமாத்தான் வெல சொல்லியிருக்கான்."

"நீ போன வேகம் பதிமூணுதானல?"

"அதுதான் சொல்லுதேன். மூவாயிரம் அஜின் வேணும் ஒரு ராக்கெட்டுக்கு. இப்ப கக்கத்துக் கட்டைய ஊனி ரெண்டுல போவேன். இருவதாயிரம் அஜின்."

பெர்சிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப நடக்கிறவன் எவனும் தப்பிக்கவே முடியாது."

"முடியும். அந்த நாப்பதாயிரம், ஒரு தடவ எறிஞ்சிட்டுச் சும்மா இருந்தாத்தான். பின்னாலேயிருந்து ஒருத்தன் விடாம தள்ளிக்கிட்டே இருந்தான்னு வையி, நடக்கிற வேகத்துலயே நிலாவுக்குப் போயிரலாம். ஒம்போது வருசம் ஆவும். ஆனா தள்ளுதவன் கைய எடுக்கப்படாது."

பெர்சிஸ் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டாள். ஜெகதீசனைத் தள்ளிக்கொண்டிருந்த கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டிரெய்லரின் இன்சூரன்ஸ் பேப்பரே போலி என்று தெரிந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு ஏறாத படி இல்லை. அவருடைய எல்லா வண்டிகளின் பேப்பரும் போலி என்று ஆனதும் அது கிரிமினல் கேஸ் ஆயிற்று. மூன்று வருஷம் விடாமல் அலைந்தாள். முதலில் மேனேஜர் கை விலகியது. பிறகு பார்ட்னர். அப்புறம் கட்சிக்காரர் ஒருவர் போனை எடுக்காமலானார். கடைசியாக, போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், முன்ஜாமீன் மனு தள்ளுபடி.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில், முதலாளிமேல் பழைய கணக்கு வைத்திருந்த செங்குட்டுவனிடமிருந்து போன்.

"யக்கா, பெட்டி கட்டிகினு கீறாரு. ஏழு மணி பிளைட்டு. துபாய்ல மாப்ள வூட்டுக்கு. நாலு மணிக்கு வண்டி எடுன்னாரு."

பெர்சிஸ் உடனே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் அடித்தாள். "ஆர்டர் காப்பி கைக்கு வராம தொட முடியாதும்மா. காலைல வந்துரும். வந்ததும் ஏர்போர்ட்டுல பேர் ஏறிரும்," என்றார் எஸ்.ஐ. காலையில் ஏறும் பெயர் ராத்திரியே பறந்துவிடும். மூன்று வருஷத்து உழைப்பும், அஜின் ஒற்றைக் காலில் ஏறி இறங்கிய கோர்ட்டுப் படிகளும், ஆறு மணிக்கு மூடும் ஒரு செக்-இன் கவுன்ட்டரில் வந்து நின்றன. ஆறு வரை ஜெகதீசன் வடசென்னையைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அவர் வீடு திருவொற்றியூரில். எக்ஸ்பிரஸ் ரோட்டில் அவருடையதைப் போன்ற கன்டெய்னர் லாரிகளே துறைமுகம் வரை படுத்துக்கிடக்கும். ஆக ஊருக்குள்ளே போகும் டி.எச். ரோட்டில்தான் வருவார். அதே ரோட்டில் அன்று சாயங்காலம் பெர்சிஸின் பூப்பல்லக்கு ஒன்று தண்டையார்பேட்டையிலிருந்து மூலக்கொத்தளம் இடுகாட்டுக்குப் புறப்படவிருந்தது. உள்ளே மீன்பிடி லாஞ்சு ஓட்டி ஓய்ந்த பொன்னுரங்கம்.

பெர்சிஸ் சாவு வீட்டுக்குப் போய்ப் பொன்னுரங்கத்தின் பெண்சாதி முத்தம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐம்பது வருஷம் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்தவள் முத்தம்மா. சுற்றி வளைத்தால் எரிந்து விழுவாள் என்பதால் பெர்சிஸ் உள்ளதைச் சொன்னாள்.

"எந்த ஜெகதீசன்? யார்டு வெச்சிகினு கீறானே, அவனா?" முத்தம்மா அழுகையை நிறுத்தினாள். "என் மாமியா செத்தன்னிக்கு அவன் லாரி எங்க தெருவ அடச்சிகினு நின்னுச்சி. பொணத்த வெச்சிகினு ஒரு மணி நேரம் கெஞ்சினோம். இன்னா வோணும் உனக்கு?"

"ஊர்வலம் மெதுவாப் போவணும். என் தம்பி பல்லக்குக்கு முன்ன கட்டையோட நடப்பான். அவனத் தாண்டக் கூடாது."

"அந்தப் புள்ள நடக்கிற நடைக்கா? பொழுது சாயறதுக்குள்ள மண்ணு தள்ளணும், பொண்ணே."

"ஆறு வரைக்கும் போதும்மா."

"அஞ்சரை."

"அஞ்சரைக்கு விட்டா அவன் மெட்ராச விட்டே போயிருவான். ஆறு."

"ஆறுக்கு இன்னா தருவே?"

"இன்னொரு மோளம் செட்டு. என் செலவு."

"ரெண்டு செட்டு. பட்டாசு. பாட்டுக்காரன் ஒர்த்தன், என் புருஷன் பேரு வெச்சிப் பாடணும்."

"பாட்டுக்காரன் இப்ப கெடைக்க மாட்டான். மைக்குல நானே பேரச் சொல்லுதேன்."

முத்தம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஐஸ் பாக்ஸ் பக்கம் திரும்பினாள். "கேட்டியாய்யா? உன்ன மெல்ல இட்டுகினு போவாங்களாம். உயிரோட இருந்தப்ப மட்டும் நீ என்னிக்கு வூட்டுக்கு வெரசா வந்தே?" மறுபடி அழ ஆரம்பித்தாள். பேரம் படிந்தது என்று அர்த்தம்.

நாலு மணிக்குப் பல்லக்கு கிளம்பியது. நாலு சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் செவ்வந்தியும் ரோஜாவும் குவிந்திருந்தன. மூன்று செட்டு மோளம் முன்னால் அதிர, அதற்கும் பல்லக்குக்கும் நடுவில் அஜின் கட்டைகளை ஊன்றி நடந்தான். பொம்பளைகள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். பெர்சிஸ் நிற்கவில்லை, அவள் அந்தக் கணக்கில் வரமாட்டாள், கடைக் கணக்கு. கையில் மைக்கோடு பல்லக்கின் பக்கத்திலேயே வந்தாள்.

ஜெகதீசனின் வெள்ளைக் கார் ஊர்வலத்தின் வாலைப் பிடித்தது. அந்தக் காருக்குள் நடந்ததைப் பிறகு செங்குட்டுவன் வார்த்தை மாறாமல் நடித்தே காட்டினான்.

"சார், சாவு போவுது. இப்பவே இடது பக்கம் சந்துல வுட்டா ரயில்வே கேட்டு வழியா போயிரலாம்." நியாயத்துக்கு இதைக் கேட்டே ஆக வேண்டியிருந்தது; கேட்காத டிரைவர்மேல் சந்தேகம் வரும்.

பின்சீட்டில் ஜெகதீசன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சகுனம் பார்க்காமல் அவர் சட்டைப் பித்தானைக்கூடப் போட மாட்டார். காரியத்துக்குப் போகும்போது கண்ணில் பிணம் பட்டால் காரியம் ஜெயம். "முட்டாப்பயலே, இதவிட நல்ல சகுனம் கெடைக்குமாடா? முந்திக்கிந்தித் தொலைக்காத, அது தரித்திரம். கொஞ்ச நேரம் பின்னாடியே மரியாதையாப் போ."

மரியாதையாகப் போனார்கள். கால் மணி நேரத்தில் பின்னால் பஸ்ஸும் குட்டியானை வேனும் ஆட்டோவும் வந்து அடைத்துக்கொண்டன. அதற்கப்புறம் சந்தும் இல்லை, ரிவர்ஸும் இல்லை. முன்னால் பட்டாசு, பின்னால் ஹாரன், நடுவில் நல்ல சகுனம்.

பெர்சிஸ் அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். வெள்ளைக் கார் ஊர்வதைப் பார்க்கப் பார்க்க, மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் வெல்லமாகக் கரைவது போலிருந்தது. பாவம் புண்ணியம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரிடம் பேசிக்கொள்ளலாம். ஐந்தே கால் ஆகியிருந்தது.

திரும்பவும் பார்த்தாள். காரின் பின்கதவு திறந்திருந்தது. ஜெகதீசன் ஒரு தோல்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நடைபாதையில் கூட்டத்தை இடித்துத் தள்ளியபடி வேகவேகமாக வந்துகொண்டிருந்தார்.

எதிரே, கல்லெறி தூரத்தில், மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டு.

நேராக ஏர்போர்ட்டுக்குப் போகிற ரயில் அது. இப்போது ஏறினால்கூட ஓடிப்போய்ப் பிடித்துவிடுவார். அவள் கணக்கில் ரோடு இருந்தது, கார் இருந்தது, சகுனம்கூட இருந்தது. மனுஷனுக்கு ரெண்டு கால் இருக்கிறது என்பது மட்டும் விட்டுப்போயிருந்தது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர், சாதாரண நடை, அதுபோதும். ராக்கெட்டின் எட்டாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஒரு மனுஷன் தப்பிக்கப் போகிறான்.

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். பிடித்தால் போலீஸ் பிடிப்பது அவளைத்தான். அவள் கையில் மைக்கு இருந்தது.

"அமரர் பொன்னுரங்கம் அவர்களின் இறுதி ஊர்வலத்தில்," மோளத்துக்கு மேலே அவள் குரல் டி.எச். ரோடு முழுக்கக் கேட்டது, "திருவொற்றியூர் தொழிலதிபர், உயர்திரு ஜெகதீசன் ஐயா அவர்கள், காரை விட்டு இறங்கி, நடந்தே வந்து அஞ்சலி செலுத்துகிறார்கள்! மோளம் ஐயாவுக்கு!"

மோளக்காரர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. மூன்று செட்டும் ஜெகதீசனை வளைத்துக்கொண்டன. ஐம்பது போன்கள் உயர்ந்தன. யாரோ பல்லக்கிலிருந்து ஒரு மாலையை உருவி அவர் கழுத்தில் போட்டார்கள். அவர் வாய் திறந்து ஏதோ சொன்னது பட்டாசில் போயிற்று. பொன்னுரங்கத்தின் மகன் உதயா, காலையிலிருந்து குடித்தவன், அவரைக் கட்டிக்கொண்டு கோவென்று அழுதான்.

"எங்க நைனாவுக்காக இம்மாம் பெரிய ஆளு நடந்து வந்துகிறீங்களே! நைனா, பாத்தியா நைனா! வாங்க சார், நீங்க ஒரு கை வெச்சித் தள்ளணும். இல்லன்னா வண்டி நவுறாது, ஆமா!"

"தம்பி, நான் கொஞ்சம் அர்ஜன்ட்டா..."

"இன்னா அர்ஜன்ட்டு? செத்தவனே மெதுவாத்தான் போறான்!"

கூட்டம் ஹோவென்றது. போன்கள் படம் பிடிக்கின்றன. காலையில்தான் பேப்பரில் பெயர் வந்திருக்கிறது. சாவைத் தள்ளிவிட்டு ஓடினார் என்று இன்னொரு செய்தி வேண்டுமா? ஜெகதீசன் பல்லக்கு வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார். உதயாவின் கை அவர் கைமேல் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது.

வண்டி நகர்ந்தது. மெட்ரோ படிக்கட்டு பக்கத்தில் வந்தது. நேராக வந்தது. பின்னால் போனது.

முன்னால் போகிறவன் ஏன் இப்படி ஊர்கிறான் என்று அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "தம்பி, நீ ஒதுங்கிக்கயேன். சீக்கிரம் போவட்டும்."

அஜின் தலையைத் திருப்பாமல் சொன்னான்: "எவ்ளோ சீக்கிரம் சார்? மணிக்கு நாப்பதாயிரம் கிலோமீட்டர்னா சொல்லுங்க. ஒதுங்கிர்றேன்."

ஜெகதீசன் அவன் முதுகைப் பார்த்தார். மடித்து ஊக்குக் குத்திய பேன்ட்டைப் பார்த்தார். பக்கத்தில் மைக்கோடு வருகிறவளைப் பார்த்தார். ஒரு வியாபாரியாக அவருக்குச் சட்டென்று எல்லாம் புரிந்தது. புரிந்ததும் வியாபாரியாகவே நடந்துகொண்டார்.

"அஞ்சு லட்சம்," என்றார், பல்லுக்கிடையில்.

பெர்சிஸ் ரோட்டைப் பார்த்தபடி நடந்தாள்.

"பத்து. பையிலேயே இருக்கு. இப்பவே."

மோளம் அடித்தது. அஜின் கட்டையை ஊன்றினான், எடுத்தான்.

"இருவது. செயற்கைக்கால், ஜெர்மனிக்காரன் செய்யறது, நான் வாங்கித் தரேன். யம்மா, வாயத் தொறந்து ஒரு நம்பர் சொல்லேன்!"

ஒரு நம்பர் சொன்னால் பதில் நம்பர் சொல்லாமலிருப்பது பெர்சிஸுக்குத் தும்மலை அடக்குகிற மாதிரி. நாக்கு நுனிவரை வந்தது. அடக்கினாள். வாங்குகிறவன் ஏற்றிக்கொண்டே போக, விற்கிறவள் வாயையே திறக்காத பேரத்தை அவள் வம்சத்தில் யாரும் பார்த்ததில்லை. அவர் முப்பது என்றார், நாற்பது என்றார், கழுத்து மாலை வியர்வையில் நனைந்து சட்டையோடு ஒட்டியது. வீடு எழுதித் தருவதாகச் சொன்னபோது வண்ணாரப்பேட்டைத் துணிக்கடை வாசலில் நின்றவர்கள் அவரைப் பார்த்து, பாவம், ரொம்ப வேண்டப்பட்டவர் போல என்று கை கூப்பினார்கள்.

அஜின் ஒரு தடவை நின்றான். பின்னால் எல்லாமே நின்றது.

"வலிக்குதால?" என்று பெர்சிஸ் ஓடிப்போய்க் கேட்டாள். அவன் அக்குள் இரண்டும் கன்றிப்போயிருந்தன.

"வலிக்கட்டும்," என்றான். "இன்னும் கொஞ்சம் மெதுவாப் போலாம்க்கா."

மூலக்கொத்தளத்தில் பொன்னுரங்கத்தை இறக்கும்போது ஆறு. வெளிச்சம் இன்னும் இருந்தது; முத்தம்மாவுக்குக் கொடுத்த வாக்கு தப்பவில்லை. உதயா வற்புறுத்தியதால் ஜெகதீசனும் மூன்று பிடி மண் போட்டார். மூன்றாவது பிடியைப் போடும்போது, விரலை விரிக்கவே வெகுநேரம் ஆயிற்று. சுவரோரம் அமர்ந்து கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தபடி இருந்தவரைச் செங்குட்டுவன் தேடி வந்து, கார் சாவியை அவர் மடியில் வைத்தான்.

"நாளைலேந்து வேற ஆளப் பாத்துக்கோங்க சார். எனக்குக் கோர்ட்டுல கொஞ்சம் பேச வேண்டிய வேல கீது."

மறுநாள் காலையில், பல்துலக்கிக்கொண்டிருந்தவரை வீட்டிலேயே வைத்து அழைத்துப்போனார்கள் என்று எஸ்.ஐ. போனில் சொன்னார். பெர்சிஸ் போனை வைத்துவிட்டு, கடைக்குப் பின்னறையில் அஜினின் அக்குளுக்கு மருந்து தடவ உட்கார்ந்தாள்.

"கணக்கு முடிஞ்சிதாக்கா?" என்றான் அவன்.

அவள் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். ஜெகதீசனுக்குத் தப்பிக்க வேண்டியிருந்தது நாற்பதாயிரம். எட்டிப் பிடித்தது இரண்டு. பாக்கி முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர். அதைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளும். அஜின் நடந்தது பதின்மூன்று. இப்போது நடப்பது இரண்டு.

"இல்லல," என்றாள். "பதினொண்ணு நிக்கிது."